மாதிரிக்கு ஒரு வாக்காளர்

அமெரிக்க அதிபர் தேர்தல்களின் வரலாற்றை நேர்மையாக எழுத நினைக்கும் யாரும் வாஷிங்டனுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினால், கனடாவில், மொன்றியலை ஒட்டிய புவாண்ட்-கிளேரில் இருக்கும் ஒரு பேஸ்மெண்டுக்கு இரண்டு அத்தியாயமாவது ஒதுக்கியாக வேண்டும். துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் கொலுப்படிப் பலகைகளுக்கும் நடுவில், ஈரவாடை சற்று அதிகமான அந்த அறையில்தான் 'வட அமெரிக்கத் தொழிலாள வாக்காளர் மனநிலை ஆய்வு மையம்' இயங்கி வருகிறது. மொன்றியலில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கத் தேர்தலை ஆராய முடியுமா என்று சில அற்பர்கள் கேட்பதுண்டு. நிலாவை ஆராய்கிறவர்கள் இதைவிடத் தூரத்தில் உட்கார்ந்துதான் ஆராய்கிறார்கள். அமெரிக்க எல்லையோ புவாண்ட்-கிளேரிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டம்.

மையத்தின் நிறுவனர், தலைவர், வீட்டுக்காரர் மூன்றும் பேராசிரியர் சுந்தரராஜன்தான். அவர் மண்ணியல் அறிஞர். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு பல்கலைக்கழகத்தின் விவசாய வளாகத்தில் மண்ணைத் தோண்டி, முகர்ந்து, சலித்து, பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவருக்கு ஒரு பேருண்மை உறைத்தது. மண்ணும் தொழிலாளியும் ஒன்று. இரண்டும் கீழே இருக்கின்றன. இரண்டும் வாய் திறந்து பேசுவதில்லை. ஆகவே இரண்டைப் பற்றியும் மேலே இருப்பவர்கள்தான் பேச வேண்டியிருக்கிறது. இந்தச் சுமையைத் தோளில் ஏற்றிக்கொள்ள ஆள் இல்லையே என்று அவர் மனம் வருந்தியது. வருந்திய கையோடு தலைப்புக் கடிதத்தாள் அச்சடித்துவிட்டார்.

மையம் இதுவரை மூன்று அதிபர் தேர்தல்களின் முடிவை முன்கூட்டியே அறிவித்திருக்கிறது. மூன்றிலும் முடிவுகள் மையத்தோடு ஒத்துழைக்கவில்லை. அதனால் மையம் துவண்டுவிடவில்லை. 'தொழிலாளர்கள் தங்கள் நலனுக்கு விரோதமாகவே வாக்களிக்கிறார்கள்' என்று ஒவ்வொரு முறையும் விளக்க அறிக்கை வெளியிட்டது. தொழிலாளர்களின் நலன் எது என்பதை ஏற்கெனவே வேறோர் அறிக்கையில் மையமே நிர்ணயித்து வைத்திருந்தபடியால் வேலை சுலபமாக முடிந்தது.

உறுப்பினர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. புள்ளிவிவரப் பிரிவுக்கு ஜெயராம். விமான இயந்திரம் வடிவமைத்த பொறியாளர். மனநிலைப் பிரிவுக்கு டாக்டர் ரஞ்சனா. நோத்ர-டாம்-த-கிரேஸில் பல் மருத்துவர். மனிதர்களை வாய் திறக்க வைத்து, திறந்த வாயை மூடவிடாமல் வைத்திருப்பதில் அவருக்கு இருந்த அனுபவம் ஆய்வுக்குப் பெரிதும் உதவும் என்று சுந்தரராஜன் கருதினார். டொரோண்டோவில் ஒரு கிளையும் உண்டு. அது ஜெயராமின் மைத்துனர். உபசரணைப் பிரிவு அலமு. சுந்தரராஜனின் மனைவி. மையத்தில் உருப்படியாக எதையாவது உற்பத்தி செய்து வந்த ஒரே பிரிவு அதுதான்.

இவ்வளவு இருந்தும் ஒரே ஒரு குறை. அதை ஜெயராம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இத்தனை வருஷத்துல நாம ஒரு அமெரிக்கத் தொழிலாளியைக்கூட நேர்ல பாத்ததில்லையே. யாராவது கேட்டா?"

"பாத்துட்டாப் போச்சு" என்றார் சுந்தரராஜன்.

"எத்தனை பேர் வேணும்? குறைஞ்சது ஆயிரம் பேராவது..."

"ஜெயராம், நான் வாழ்நாள் பூரா மண் பாத்தவன். ஒரு வயலைத் தெரிஞ்சுக்க வயல் முழுக்கவா அள்ளுவாங்க? ஒரு பிடி எடுத்தாப் போதும். ஒரு தொழிலாளி கொண்டு வாங்க."

அந்த ஒரு பிடி, அலமுவின் வழியாகக் கிடைத்தது. நவராத்திரிக்கும் திவசத்துக்கும் அலமு சமையல் ஆர்டர் கொடுப்பது செல்வமலரிடம். யாழ்ப்பாணத்துக்காரி. பகலில் கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமைக்கிறாள். மீதி நேரத்தில் ஊருக்குச் சமைக்கிறாள். அவளுடைய தம்பி கிருபானந்தன், எல்லைக்கு அந்தப் பக்கம் பிளாட்ஸ்பர்க்கில், பேருந்துகளுக்கு இருக்கை பூட்டும் ஆலையில் வேலை பார்க்கிறான் என்றும், அந்த வருடம்தான் அமெரிக்கக் குடிமகன் ஆனான் என்றும் வடை கொண்டுவந்த இடத்தில் அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். சுந்தரராஜன் வடையைக் கீழே வைத்துவிட்டார். மண் ஆய்வில் முப்பதடி ஆழத்துக்குக் குழாய் இறக்கி எடுத்த மாதிரியைப் பார்க்கும்போதுகூட அவர் கண்ணில் அப்படி ஒரு பளபளப்பு வந்ததில்லை.

தேர்தல் நாள் அன்றைக்கே ஆய்வு என்று முடிவாயிற்று. சுந்தரராஜனே தொலைபேசியில் கிருபானந்தனை அழைத்தார்.

"ஒரே ஒரு வேண்டுகோள் தம்பி. நீங்க காலையில ஓட்டுப் போட்டுட்டு வந்துடக் கூடாது. ஓட்டுப் போட்ட வாக்காளர் உழுத நிலம் மாதிரி. எனக்கு உழாத மண்தான் வேணும்."

"அது பிரச்சினை இல்லை சேர். ஆனால் பின்னேரம் நான் கட்டாயம் போய்ப் போடோணும். ஒன்பது மணிக்கு மூடிப்போடுவினம்."

"ரெண்டு மணிக்கெல்லாம் உங்களை விட்டுடறோம். என் வாக்கு."

"அப்ப சரி சேர். மனிசியும் மகளும் வெளிக்கிட்டு நிப்பினம். நான் வோட்டுப் போட்டிட்டு வெளியிலை வரேக்கை மகள் படம் எடுக்கப்போறாளாம்."

சுந்தரராஜன் இதைக் குறித்துக்கொள்ளவில்லை. படம் எடுப்பது ஆய்வின் எல்லைக்கு வெளியே இருந்தது.

கிருபானந்தனுக்கும் இதில் பெரிய ஆர்வம் என்று சொல்ல முடியாது. அக்கா கேட்டுக்கொண்டாள். "அவை நல்ல சனம், வருசாவருசம் ஓடர் தாறவை, முகத்தை முறிச்சுப்போடாதை" என்று சொல்லியிருந்தாள். அவனும் இரவு வேலை முடித்து, கொஞ்ச நேரம் படுத்தெழும்பி, ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்து சேர்ந்தான். நாற்பதைத் தாண்டிய வயது. தலை முன்பக்கம் கொஞ்சம் ஏறியிருந்தது. சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டிருந்தான். ஓட்டுப் போடுவதற்கென்று எடுத்து வைத்த சட்டை அது.

அவனுக்கு அளிக்கப்பட்ட வரவேற்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கியூபெக்கில் பனிக்காலம் வருமுன் வீட்டு வாசலில் காருக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டுவார்கள். தெம்போ என்று பெயர். ஒரு கார் அகலம், நீளமான குகை. சுந்தரராஜன் தன் காரைத் தெருவில் விட்டுவிட்டு, தெம்போவின் ஆக உள்ளே, வீட்டுச் சுவரை முட்டும் இடத்தில் தொழிலாளியின் காரை நிறுத்த வைத்தார். அது கௌரவ இடம். அதற்குப் பின்னால் டாக்டர் ரஞ்சனாவின் கார் வந்து நின்றது. அதற்கும் பின்னால் ஜெயராமின் கார். தொழிலாளர் வர்க்கத்தை முன்னணியில் வைத்து அறிவாளிகள் பின்னால் நிற்பது என்ற கொள்கை இவ்வளவு கச்சிதமாக வேறெங்கும் நிறைவேறியதில்லை.

ஆய்வு தொடங்கியது. கிருபானந்தனைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மூவரும் எதிரே உட்கார்ந்தார்கள்.

"தம்பி, உங்க கோபத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கனிவாக ஆரம்பித்தார் சுந்தரராஜன்.

"எனக்கு ஒருத்தரோடையும் கோவம் இல்லையே சேர்."

"பொதுவா."

"பொதுவாவும் இல்லை."

"முட்டை விலை ஏறியிருக்கு இல்லையா?"

"ஓம், ஏறித்தான் கிடக்கு."

மூவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"கடையில அந்த விலையைப் பாக்கறப்ப உள்ளுக்குள்ள என்ன தோணும்?"

"நாங்கள் வீட்டிலை கோழி வளர்க்கிறம் சேர்."

ஜெயராம் மடிக்கணினியில் எதையோ தட்டி, பிறகு அழித்தார். டாக்டர் ரஞ்சனா பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அவர் கையில் மூன்று கட்டங்கள் போட்ட தாள் இருந்தது: கோபம், பயம், ஏமாற்றம்.

"இன்னிக்கு ஓட்டுப் போடப் போறதை நெனச்சா உங்களுக்கு எப்படி இருக்கு? மனசுல படறதை அப்படியே சொல்லுங்க."

கிருபானந்தன் சற்று யோசித்தான். பிறகு சிரித்தான். "சந்தோசமாக் கிடக்கு, டொக்டர்."

டாக்டர் ரஞ்சனா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெற்றாக இருந்தது. "சார், சந்தோஷம்னு கட்டமே இல்லையே?"

"அடக்கி வெச்ச கோபம்னு போட்டுக்குங்க" என்றார் ஜெயராம். "வெளியில பாக்க அப்படித்தான் தெரியும்."

"சரி தம்பி, எதை வெச்சு முடிவு பண்ணீங்க?" என்று சுந்தரராஜன் அடிப்படைக்கே வந்தார். பல பல்கலைக்கழகங்கள் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது.

"நாங்கள் பஸ்ஸுக்கு சீற் பூட்டுறது சேர். பஸ்ஸுக்கு ஓடர் வந்தால் வேலை. வராட்டில் வீட்டை போகச் சொல்லிப்போடுவினம். ஆர் வந்தால் ஓடர் வரும் எண்டு எங்கடை லைன்ல எல்லாரும் கதைச்சனாங்கள். அதிலை ரெண்டு பக்கமும் ஆக்கள் இருக்கினம். பேந்து மகளின்ரை மருந்து. இன்சூரன்ஸ் காட் மாறினால் அந்த மருந்து வராது. பேந்து மனிசியின்ரை பேப்பர் அலுவல் ஒண்டு..."

"அதெல்லாம் சரி. அது மேல்மண்" என்று கையமர்த்தினார் சுந்தரராஜன். "ஆழ்மனசுல என்ன இருக்கு?"

"ஆழத்திலையும் அதுதான் சேர் கிடக்கு."

சுந்தரராஜன் மனம் தளரவில்லை. பாறை தட்டினால் கொஞ்சம் தள்ளித் தோண்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். "போகட்டும். யாருக்குப் போடப் போறீங்க?"

"அது ரகசியம் எல்லோ?"

மூவரும் அர்த்தத்தோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'வெட்கம்' என்று எழுதிக்கொண்டார் டாக்டர் ரஞ்சனா.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சுவர்க் கடிகாரம் இரண்டு அடித்ததும் கிருபானந்தன் எழுந்தான். "அப்ப நான் வெளிக்கிடப்போறன் சேர்" என்றான்.

இங்கே நம் நாகரிகத்தின் ஒரு நுட்பத்தைப் பதிவு செய்வது அவசியம். விருந்தாளி எழுந்து நின்று 'புறப்படுகிறேன்' என்று சொன்னால் அவர் புறப்படப் போகிறார் என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை. 'என்னை இருக்கச் சொல்லுங்கள்' என்று அவர் கேட்பதாகவே கொள்வோம். முதல் தடவையே 'சரி, போய் வாருங்கள்' என்று சொல்லும் வீட்டில் மனிதர் கால் வைக்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்த நாளாக அலமு ஒரு விருந்தாளியையும் முதல் தடவையிலோ இரண்டாம் தடவையிலோ போக விட்டதில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

"என்ன அதுக்குள்ள? பாயசம் இன்னும் அடுப்புல இருக்கு" என்றார் அலமு.

"இல்லை அன்ரி, நான் போகோணும்."

"பாயசம் சாப்பிட்டுப் போகணும்."

கிருபானந்தன் அக்காவை நினைத்தான் போலும். உட்கார்ந்தான். டாக்டர் ரஞ்சனா 'தன் விருப்பத்தை வலியுறுத்தத் தயங்குகிறார்' என்று எழுதினார்.

பாயசம் வந்தது. பாயசத்தைத் தொடர்ந்து தீபாவளி மிச்சம் வந்தது. தீபாவளி போன வாரம்தான் போயிருந்தது. முறுக்கும் அதிரசமும் டப்பா டப்பாவாக இருந்தன. அதையும் முடித்து அவன் மறுபடி எழுந்தபோது மணி மூன்று.

"ஐயையோ, செவ்வாய்க்கிழமை மூணு மணி!" என்று பதறினார் அலமு. "ராகு காலம். வண்டியை எடுத்துண்டு இவ்வளவு தூரம் போறவரை ராகு காலத்துலயா அனுப்புவாங்க? நாலரை வரைக்கும் வாசல் தாண்டக் கூடாது."

"அங்கை வோட்டுப் போட ராகு காலம் பாக்கிறேல்லை அன்ரி..."

"அதனாலதான் அந்த நாடு இப்படி இருக்கு" என்றார் சுந்தரராஜன். ஆறடி ஆழத்து மண்ணில் கார அமிலச் சமநிலையைச் சொல்லத் தெரிந்த அந்த விஞ்ஞானி, ராகு காலத்தை நம்புகிறவர் அல்ல. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் பாக்கி இருந்தன.

நாலரை ஆயிற்று. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. கிருபானந்தன் இந்தத் தடவை ஜாக்கெட்டைப் போட்டு, ஜிப்பை மேலே இழுத்து, கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே எழுந்தான். தெம்போவுக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"சேர், பின்னுக்கு ரெண்டு கார் நிக்குது. ஒருக்கா எடுத்துவிடச் சொல்லேலுமோ?"

டாக்டர் ரஞ்சனா உடனே எழுந்துவிட்டார். ஆனால் அவர் காருக்குப் பின்னால் ஜெயராமின் கார். ஜெயராமோ பேஸ்மெண்டில் டொரோண்டோ கிளைக்குக் காணொளியில் உரையாற்றிக்கொண்டிருந்தார். உரையின் தலைப்பு: 'தொழிலாளர்கள் ஏன் வாக்குச்சாவடிக்குப் போவதில்லை?'

கிருபானந்தன் படியிறங்கிப் போய் அவர் பின்னால் நின்றான்.

"இதற்கு வறுமை காரணமல்ல, தூரம் காரணமல்ல" என்று திரையைப் பார்த்து முழங்கிக்கொண்டிருந்தார் ஜெயராம். "ஒரே காரணம் அக்கறையின்மை. ஜனநாயகத்தில் அவர்களுக்குப் பங்கேற்க விருப்பமில்லை. நாம்தான் அவர்களைத் தட்டி எழுப்ப வேண்டும்."

"சேர், காரை ஒருக்கா..."

"ஒரு நிமிஷம் தம்பி. இன்னும் ரெண்டே ஸ்லைடு."

"மாப்பிள்ளை, பின்னாடி ஜாக்கெட் போட்டுண்டு நிக்கறது யாரு?" என்று டொரோண்டோ கேட்டது.

"அவர்தான் நம்ம தொழிலாளி. பாவம், கூச்ச சுபாவம். எங்கேயோ போகணும்கறார்."

"பாக்க நல்ல மாதிரியா இருக்காரே" என்று டொரோண்டோ வியந்தது.

இரண்டு ஸ்லைடுகள் எட்டாயின. கிருபானந்தன் மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் மனைவி இரண்டு தடவை அழைத்துவிட்டாள். சுந்தரராஜன் அருகில் வந்து அவன் தோளில் கை வைத்தார்.

"ஏன் தம்பி இவ்வளவு பதட்டம்? இப்ப எல்லாம் முன்னாடியே ஓட்டுப் போட்டு வெக்கலாமாமே. நீங்க ஏன் போடலை?"

சாவி சுற்றுவது நின்றது.

"அண்டைக்கே வரிசையிலை நிண்டு போடோணும் எண்டு ஒரு ஆசை சேர். நான் இதுவரைக்கும் ஒருக்காலும் வோட்டுப் போட்டதில்லை. ஊரிலை ஒருமுறை ஜனாதிபதி எலக்சனுக்கு நாங்கள் நாலைஞ்சு பேர் சைக்கிள்ல வெளிக்கிட்டனாங்கள். சந்தியிலை மறிச்சுப்போட்டினம். ஒருத்தரும் போகக்கூடாது, வீட்டை திரும்பிப் போங்கோ எண்டினம். கையிலை துவக்கு. ஆர் என்னத்தைக் கேக்கிறது? திரும்பி வந்திட்டம். பேந்து அகதி. அகதிக்கு எங்கை வோட்டு? இத்தனை வருசம் கழிச்சு இப்பத்தான் சிற்றிசன் ஆனனான். இதுதான் சேர் முதல் வோட்டு."

சுந்தரராஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கலங்கியது. இதில் நடிப்பு எதுவும் இல்லை. அவர் நல்ல மனிதர். எவ்வளவு பட்டிருக்கிறான் இந்தப் பிள்ளை என்று அவர் மனம் உருகியது. உருகிய மனதோடு ஒரு மனிதர் என்ன செய்ய முடியுமோ அதைச் செய்தார்.

"அலமு!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "தம்பி வெறும் வயித்தோட போகப் போறார். சூடா ரெண்டு தோசை வார்த்துப் போடு!"

"சேர், வேண்டாம் சேர், நேரம்..."

"நீங்க ஒண்ணும் பேசக் கூடாது. உங்களை இப்படியே அனுப்பினா எனக்குத் தூக்கம் வராது."

தோசை வந்தது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. தட்டு காலியானால் 'வேண்டாம்' என்பதை நம்பாமல் இன்னொன்று போடுவதும் மேற்சொன்ன நாகரிகத்தின் இன்னொரு பிரிவுதான். கிருபானந்தன் நின்றபடியே சாப்பிட்டான். அவன் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை.

கடைசியில் ஜெயராம் காரை எடுத்தபோது மணி ஆறரை, நல்ல இருட்டு. மழை பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதும் அலமு ஒரு பெரிய பையோடு வாசலில் மறித்தார். முறுக்கு, அதிரசம், எலுமிச்சை ஊறுகாய். கடைசி நிமிடத்தில் சுந்தரராஜனே உள்ளே ஓடி, ஜன்னலோரம் தான் பிள்ளை மாதிரி வளர்த்து வந்த கறிவேப்பிலைச் செடிகளில் ஒன்றைத் தொட்டியோடு தூக்கி வந்தார்.

"இது உங்க மிசஸுக்கு. என் கையால கலந்த மண். அந்த ஊர்ல இது கிடைக்காது."

கிருபானந்தன் மறுக்கவில்லை. மறுத்தால் இன்னும் பத்து நிமிடம் போகும் என்பது அவனுக்கு அதற்குள் புரிந்திருந்தது. செடியைப் பின் இருக்கையில் வைத்து பெல்ட் போட்டுவிட்டு, "போட்டு வாறன் சேர், வாறன் அன்ரி" என்று சொல்லிக் காரைக் கிளப்பினான். மொன்றியலின் நெடுஞ்சாலைகளில் வருடம் முழுக்கப் பூத்துக் குலுங்கும் சாலைப்பணிச் செம்மஞ்சள் கூம்புகள் அவனுக்காக அன்று விசேஷமாக இரண்டு தடங்களை மூடி வைத்திருந்தன.

மையத்தினர் மாடிக்கு வந்து தொலைக்காட்சி முன் உட்கார்ந்தார்கள். ஆய்வு வெற்றி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மூன்று கட்டங்களும் நிரம்பியிருந்தன. சந்தோஷம் அடக்கி வைத்த கோபமாகி இருந்தது. திரையில் வரைபடங்கள் நிறம் மாறத் தொடங்கின. ஒவ்வொரு மாநிலத்திலும் தொழிலாளர்கள் ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்று தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர்கள் சிலர் விளக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் யாரையும் சந்தித்ததாகத் தெரியவில்லை. சுந்தரராஜனுக்கு அவர்கள் மேல் ஒரு சகோதர பாசம் வந்தது.

ஒன்பது மணி தாண்டிச் சிறிது நேரத்தில் அவருடைய கைபேசி அடித்தது. கிருபானந்தன்.

"நம்ம தம்பி!" என்று எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "சொல்லுங்க தம்பி! ஓட்டுப் போட்டாச்சா? படம் எடுத்தாச்சா?"

"இல்லை சேர். பூட்டிப்போட்டினம்."

"எதை?"

"மண்டபத்தை. நான் வரேக்கை லைற்றை நூத்துக்கொண்டு நிண்டினம். மனிசியும் மகளும் வாசல்லை நிக்கினம்."

அலமு கையிலிருந்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"ட்ராஃபிக்கா?" என்றார் ஜெயராம்.

"ட்ராஃபிக் கொஞ்சம். அதைப் பிடிச்சு ஓடி வந்திட்டன். போடர்லதான் காரை ஓரங்கட்டச் சொல்லிப்போட்டாங்கள். கறிவேப்பிலைக் கண்டு கொண்டு போகேலாதாம். அதிலும் மண்ணோடை ஏலவே ஏலாதாம். ஒரு ஒபிசர் வந்து தொட்டியைக் கிளறி, படம் எடுத்து, பேப்பர் எழுதி, பேந்து மேலாளைக் கூப்பிட்டு... நான் சொன்னனான், எனக்கு வோட்டுப் போடப் போகோணும் எண்டு. அவர் கேட்டார், மண் கொண்டு போகக்கூடாதெண்டு உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ எண்டு."

பேராசிரியர் சுந்தரராஜனின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரையே எல்லை தாண்டிப் போகும் மண்ணில் ஒளிந்திருக்கும் கிருமிகளைப் பற்றியது. தங்கப் பதக்கம் வாங்கியது. அதன் கடைசி வரி, ஒரு பிடி மண்கூட எல்லை தாண்டக் கூடாது என்பது. அந்தப் பக்கம் வரவேற்பறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. இப்போது அதைத் தவிர அந்த அறையில் பார்ப்பதற்கு வேறு எதுவும் இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி..." என்றார்.

"பறவாயில்லை சேர்" என்றது கைபேசி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அந்தக் கட்டமாவது ஒழுங்காக நிரம்பியிருக்கும். "அங்கை துவக்கைக் காட்டி மறிச்சவை. இஞ்சை நீங்கள் தோசை தந்து மறிச்சனீங்கள். தோசை நல்லாத்தான் இருந்தது. அன்ரிக்குச் சொல்லுங்கோ."

அழைப்பு நின்றுவிட்டது. அலமு எழுந்து சமையலறைக்குள் போனார். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் எதையும் கழுவாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார். செல்வமலரின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்று அவருக்கு இருந்தது. சுந்தரராஜனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ கரித்தது. தோசைக்கு அரைத்த மிளகாய்ப்பொடியாக இருக்கும் என்று அவர் முடிவு செய்தார். விஞ்ஞானி எதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துத்தான் ஆக வேண்டும்.

ஜெயராம்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். மடிக்கணினியைத் திறந்தார். "சார், ஒரு விதத்துல பாத்தா..." என்று தொண்டையைக் கனைத்தார். "நம்ம டொரோண்டோ உரை நிரூபணம் ஆயிடுச்சு."

மையத்தின் இறுதி அறிக்கை அடுத்த வாரம் தலைப்புக் கடிதத்தாளில் வெளியாயிற்று. மையத்தின் வரலாற்றிலேயே கணிப்பும் முடிவும் இம்மியளவும் பிசகாமல் பொருந்திய முதல் அறிக்கை அதுதான். வருகிற நூற்றாண்டுகளிலும் அதை மறுக்க யாராலும் முடியாது. அறிக்கை கூறுவதாவது: 'ஆய்வுக்கு உட்படுத்தப்பட்ட தொழிலாள வாக்காளர்களில் நூற்றுக்கு நூறு பேரும் வாக்களிக்கவில்லை. காரணம், அக்கறையின்மை.'

யாருடைய அக்கறையின்மை என்பதை மட்டும் அறிக்கை குறிப்பிடவில்லை.